ஆறு பத்து முதல் ஆறு நாற்பது வரை

பழவேற்காடு
5 பிப்ரவரி 2024

அன்புள்ள ஜமுனாவுக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது தன்னை நினைவுபடுத்துகிறது. உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? ஆர்த்தியும் மாப்பிள்ளையும் சுகந்தானே? பெரியம்மா போனில் பேசாமல் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று ஆர்த்தி கேட்டதாக எழுதியிருந்தாய். பேசியதைப் பேசியவரே இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் என்று சொல்.

நூலகத்தில் என் படங்களை வைத்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு, எல்லாமே ஏரி. பள்ளியில் சிஸ்டர் பெர்னதெத் காட்டிய வண்ணப்பட நூல் நினைவிருக்கிறதா? பிரெஞ்சு ஓவியர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, வெளிச்சம் மாறுவதற்குள் வரைந்து முடித்த படங்கள். நானும் அறுபது ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். நிழலில் கருப்பு கிடையாது. கண்ணுக்குத் தெரியாதது படத்தில் கிடையாது. ஒவ்வொரு படத்தின் கீழும் நாளும் நேரமும் எழுதிய அட்டை ஒன்றை வைத்தேன்.

சென்னைக் கலைக் கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்திருந்தார். "முகத்துவாரம், ஜனவரி 19, காலை 6.10 முதல் 6.40 வரை, கண்ணால் கண்டது" என்ற படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பனிமூட்டம், சாம்பல் ஊதா நீர், நங்கூரமிட்ட நான்கைந்து படகுகள், தூரத்தில் ஒரு சிவப்புப் படகு. "அம்மா, இந்த ஒரு சிவப்புதான் மொத்தப் பனியையும் மூச்சுவிட வைக்கிறது" என்றார். உன் அத்தான் உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டும்.

ஊர்க்காரர்களும் வந்தார்கள். ஏதோ கேட்டார்கள், பதில் சொன்னேன்.

எல்லம்மா நான்கு நாளாக மீன் கொண்டுவரவில்லை. வேறொருத்தியிடம் வாங்கினேன். கண்ணைப் பார்த்தாலே தெரியும், முந்தின நாள் மீன்.

ஆசிகளுடன்,
கஸ்தூரி

வெர்னோன், பிரான்ஸ்
26 பிப்ரவரி 2024

என் அக்காவுக்கு ஜமுனாவின் வணக்கம்.

எல்லோரும் நலம். மூச்சு குளிரோடு சண்டை போடுகிறது, சில நாள் நான் ஜெயிக்கிறேன்.

உன் கடிதத்தை ஆர்த்திக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "பெரியம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டா?" என்றாள். அடையாற்றுக் கொக்கின் கதையைச் சொன்னேன். எனக்குப் பதினோரு வயது. சிஸ்டர் நம்மை ஆற்றங்கரைக்கு வரைய அழைத்துப் போனார். என் படம் வெறிச்சென்று இருந்ததால் ஒரு கொக்கைப் போட்டேன். நீ எழுந்து நின்று, "சிஸ்டர், அங்கே கொக்கே இல்லை" என்றாய். அன்று மாலை முழுதும் முட்டி போட்டேன். ஆர்த்தி வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

அந்தப் படத்தின் புகைப்படம் ஒன்றை அனுப்பு. ஊர்க்காரர்கள் என்ன கேட்டார்கள்? எல்லம்மா என்பது உனக்கு இருபது வருஷமாக மீன் தரும் பெண்தானே? ஏன் வரவில்லை?

அன்புடன்,
ஜமுனா

பழவேற்காடு
20 மார்ச் 2024

அன்புள்ள ஜமுனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சௌக்கியம். வெயில் ஆரம்பித்துவிட்டது. பூநாரைகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன.

நீ கேட்டதால் சொல்கிறேன். இங்கே முகத்துவாரத்துக்கு அருகே இறால் ஓடும் இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை போட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஆடி மாதம் அம்மன் கோவில் முன்னால் சீட்டுப் போட்டு, எந்தப் படகுக்கு எந்த நாள், எந்த இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். அடுத்தவன் நாளில் வலை போடுவதை இங்கே திருட்டை விடக் கேவலமாக நினைப்பார்கள்.

ஜனவரி 19 மோகன்குமார் என்பவனின் முறை. அவன் விடிந்து போனபோது யாரோ முந்திக்கொண்டு வலை போட்டு எடுத்த தடயம் இருந்ததாம். அவனுக்கு எல்லம்மாவின் கணவன் நீலமேகத்தின் மேல் சந்தேகம். இருவருக்கும் ஏற்கெனவே வாய்த்தகராறு. நீலமேகம், தன் படகு அன்று தோணிரேவு ஊரில் மச்சான் வீட்டுக் கரையில் பழுதுபார்க்க ஏற்றிக் கிடந்தது என்றான். மச்சான் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்?

மோகன்குமார் நூலகத்தில் என் படத்தைப் பார்த்திருக்கிறான். ஏரியில் சிவப்புச் சாயம் பூசிய படகு நீலமேகத்தினுடையது ஒன்றுதான். ஊர்ப் பெரியவர் சந்தியாகுவை அழைத்து வந்து, எல்லோர் முன்னாலும் கேட்டான்: "டீச்சரம்மா, இது நீங்க பாத்ததுதானே?"

நான் பார்க்காததை வரைவதில்லை என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

ஆடி வரை நீலமேகத்துக்குப் பாடு இல்லை என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவன் படகில் யாரும் ஏறக்கூடாது. இது அவர்கள் ஊர் விவகாரம். நான் தலையிட முடியாது. எல்லம்மா வராததற்குக் காரணம் இதுதான். புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

ஆசிகள்.
கஸ்தூரி

வெர்னோன்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இன்று இங்கே வேப்பம்பூ இல்லாமல் பச்சடி செய்தேன். நீ சாப்பிட்டாயா, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

உன் படம் எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. நான் படம் படித்தவள் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், திட்டாதே. மற்ற படகுகள் பனிக்குள் பாதி கரைந்து நிற்கின்றன. சிவப்புப் படகு மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல இருக்கிறது. வேறு ஏதோ வெளிச்சத்திலிருந்து வந்தது போல.

போன வாரம் ஆர்த்தி என்னை ரயிலில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். சிஸ்டரின் நூலில் இருந்த மாதிரியான படங்கள், நிஜமாகவே கண்ணெதிரே! கிட்டப் போனால் வெறும் தீட்டுகள், அழுக்குத் துணி மாதிரி. பத்தடி பின்னால் வந்தால் ஆறு, அதன் மேல் பனி, பனிக்குப் பின்னால் சூரியன். நான் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். காவலாளி சிரித்தார்.

கேள், வேடிக்கை. ஒரு படத்தின் பக்கத்தில் அதன் எக்ஸ்ரேயை மாட்டியிருந்தார்கள். ஆற்று நடுவில் இருக்கும் படகு முதலில் இல்லவே இல்லையாம். ஓவியர் வீட்டுக்கு வந்த பிறகு, படத்துக்கு ஏதோ குறைகிறது என்று பின்னால் போட்டதாம்! சிஸ்டர் கேட்டிருந்தால் மயங்கியே விழுந்திருப்பார். அந்தப் பெரிய மனிதரையும் முட்டி போட வைத்திருப்பார், இல்லையா?

அன்புடன்,
ஜமுனா

வெர்னோன்
20 மே 2024

அக்கா,

நலமா? நான் எழுதி ஐந்து வாரம் ஆகிவிட்டது. நீ ஒருநாளும் இவ்வளவு தாமதிக்க மாட்டாய். போன் செய்தாலும், "சௌக்கியம், வெயில்" என்று வைத்துவிடுகிறாய். நான் படகைப் பற்றி எழுதியது உனக்குக் கோபமா? எனக்கு என்ன தெரியும், நான் கொக்கு போட்டவள். மன்னித்துவிடு. இரண்டு வரி எழுது.

ஜமுனா

பழவேற்காடு
27 மே 2024

ஜமுனாவுக்கு,

கோபம் ஒன்றும் இல்லை. கத்திரி வெயில். உடம்பு பரவாயில்லை.

வண்ணப்பெட்டியைத் திறந்து மூன்று மாதம் ஆகிறது. காலையில் மாடியில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கிறேன், வரைவதில்லை. தினமும் ஆறு மணிக்கு மேல் இடுப்பளவு நீரில் இரண்டு தலைகள் தெரிகின்றன. நீலமேகமும் எல்லம்மாவும். படகில் கூட வர ஆள் இல்லாததால், சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் நீருக்குள் இருப்பதால் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். அந்த வேலையையே தொழிலாகச் செய்யும் குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்கள் கை பழகிய கை. இவன் படகுக்காரன். கை முழுதும் நண்டு கிழித்த காயம் என்று மீன்காரி லோகாம்பாள் சொன்னாள்.

வெளிச்சம் சாய்வாக விழும்போது இரண்டு தலைகளைச் சுற்றியும் நீர் வளையம் வளையமாக மின்னுகிறது. வரைய நல்ல காட்சி என்று ஒருநாள் நினைத்தேன். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்தப் படத்தை உன் சுவரிலிருந்து எடுத்துவிடு. அதைப் பற்றி இனி எழுதாதே.

கஸ்தூரி

வெர்னோன்
12 ஜூன் 2024

அக்கா,

உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். என் உடம்பைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை.

ஒரே ஒரு கேள்வி. எழுதியதை மறுக்க முடியாது என்று நீதான் சொன்னாய், அதனால் எழுதிக் கேட்கிறேன்.

அந்தப் படகு அங்கே இருந்ததா?

ஜமுனா

பழவேற்காடு
2 ஜூலை 2024

ஜமுனா,

இல்லை.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு நான்கு நாள் கடிதத்தை மேசையிலேயே விட்டிருந்தேன். இனி மீதியையும் எழுதுகிறேன்.

அன்று காலை மூட்டம் அதிகம். சூரியன் எழுந்தது தெரியவில்லை, நீரின் நிறம் மாறியதை வைத்துத்தான் அறிந்தேன். நல்ல படம்தான், ஆனால் வாயைத் திறக்காத படம். கண் எங்கும் தங்காமல் வழுக்கியது. பத்து நாள் சுவரில் மாட்டிப் பார்த்தேன். கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பின், கொஞ்சம் சிவப்பைப் பிதுக்கி அந்தப் படகை வைத்தேன். நான்கே தீட்டு. நீலமேகத்தின் படகை மனத்தில் வைத்துத்தான் வரைந்தேன். என் மாடியிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகிய படகு. படம் உடனே எழுந்து உட்கார்ந்தது. பிறகு, மற்ற அட்டைகளை எழுதிய அதே மையால், "கண்ணால் கண்டது" என்று அட்டையில் எழுதினேன்.

மோகன்குமார் கேட்டபோது விரிவுரையாளர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அழகுக்காகப் போட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் நான் உன்னைத்தான் நினைத்தேன், நம்புவாயா? வகுப்பு முழுதும் பார்க்க நீ கொக்கோடு நின்றாயே, அப்படி நிற்க என்னால் முடியவில்லை.

இதை விடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. தீர்ப்புக்கு மறுநாள் எல்லம்மா வந்தாள். மீன் கூடை இல்லை. படம் திரும்பி வந்து கூடத்துச் சுவரில் இருந்தது. அருங்காட்சியகத்தில் நீ பின்னால் நகர்ந்து பார்த்தாயே, அதேபோல அவளும் பார்த்தாள். பிறகு விரலால் காட்டினாள்.

"அம்மா, நான் படிச்சவ இல்ல. ஆனா பாரு, தண்ணி வத்தமா கீது, ஏரியிலேர்ந்து கடலுக்கு ஓடுது. அதான் எல்லாப் படகும் ஏரியப் பாத்து மூக்க வச்சினு நிக்குது. கயிறு கட்டுன படகு ஓட்டத்த எதுத்துதான் நிக்கும். எங்க படகு மட்டும் கடலப் பாத்து நிக்குதே, அது எப்பிடிம்மா? நீ தப்பா வரைய மாட்டேன்னு ஊரே சொல்லுது. நானும் அப்பிடித்தான் நெனச்சினு கீறேன். அப்ப இது இன்னா?"

முப்பது நிமிடம் கண் கொட்டாமல் அந்த நீரைப் பார்த்து வரைந்தவள் நான். எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. ஊரில் எந்த மீனவன் நிதானமாகப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். என் அட்டையைப் படித்ததால் யாரும் நீரைப் பார்க்கவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படம் பார்க்கத் தெரியாமல் பேசாதே, எல்லம்மா."

அவள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். இருபது வருஷத்தில் அவள் என் வாசலில் சத்தமில்லாமல் நடந்தது அன்றுதான்.

உன் எக்ஸ்ரே கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. அந்த ஓவியர் செய்ததில் பிழையில்லை, ஜமுனா. அவர் அட்டை எழுதி வைக்கவில்லை, யாரும் அவரிடம் சாட்சியும் கேட்கவில்லை.

ஆடி வருகிறது. புதுச் சீட்டில் நீலமேகத்தின் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பேசிக்கொள்கிறார்களாம்.

கஸ்தூரி

வெர்னோன்
15 ஜூலை 2024

என் அருமை அக்கா,

உன் கடிதத்தை ஆர்த்திக்குப் படித்துக் காட்டவில்லை. என் உயிர் உள்ளவரை காட்ட மாட்டேன். நீ சாப்பிடு, தூங்கு. மாத்திரையை விடாதே.

நான் யோசித்து ஒரு வழி சொல்கிறேன். உனக்கு எழுபத்தைந்து வயது. கண்ணில் புரை என்று சொன்னால் யார் கேள்வி கேட்பார்கள்? பனியில் தெரியவில்லை, வேறு படகை அதுவென்று நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிடு. நீலமேகத்துக்கு நியாயம் கிடைக்கும். உனக்கும் தலைகுனிவு இல்லை. டீச்சரம்மாவாகவே இருப்பாய். இதில் என்ன பாவம், சொல்?

அந்தக் கொக்கை நான் உனக்கு என்றோ மன்னித்துவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததற்கு நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

உன்
ஜமுனா

பழவேற்காடு
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜமுனாவுக்கு அக்கா எழுதுவது.

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் அதுவும் ஒரு அட்டையாகிவிடும். உடம்பு நலம். அது மட்டும்தான் எனக்கு நிச்சயம்.

ஆடிக் கடைசி ஞாயிறு சீட்டுப் போட்டார்கள். படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் அம்மன் கோவிலுக்குப் போனேன். எனக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். நான் உட்காரவில்லை. நீலமேகம் கூட்டத்துக்கு வெளியே ஒரு வலைக்குவியலின் மேல் உட்கார்ந்திருந்தான். எல்லம்மா பெண்கள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

அந்தப் படகு அன்று அங்கே இல்லை, நான் பின்னால் வரைந்து சேர்த்தேன் என்றேன். கேட்டவர்களுக்குப் புரியவில்லை. சந்தியாகு எழுந்து வந்து, மெதுவாக, ரொம்ப மரியாதையாக, "வுடுங்கபா. அம்மாவுக்கு வயசாயிடிச்சி. பனில கண்ணு தெரிஞ்சிருக்காது. அதானேம்மா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ எழுதிய அதே வழி, ஜமுனா. நான் கேட்காமலே அவர்கள் விரித்து வைத்தார்கள். கால் வைத்தால் போதும்.

"என் கண் நன்றாகத் தெரிகிறது. நான் நன்றாகப் பார்த்தேன். அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது" என்றேன்.

படத்தை நாற்காலியில் சாத்தி வைத்து, பிளேடால் சிவப்பைச் சுரண்டினேன். பழைய வண்ணம் காய்ந்த பிறகு மேலே வைத்த சிவப்பு அது, அதனால் செதில் செதிலாக வந்தது. அடியில் அன்றைக்குக் காலை நீர் இருந்தது. ஊதாவும் சாம்பலும் நான் விட்ட இடத்திலேயே இருந்தன. முன்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மோகன்குமார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்வரிசையில் யாரோ ஒருவன், "அடப்பாவி, பெயிண்ட்ட நம்பி ஆள வெரட்டிட்டமே" என்றான். சிலர் சிரித்தார்கள். நீலமேகம் சிரிக்கவில்லை. எழுந்து வந்தான். இரண்டு கையிலும் தழும்பு.

"ஆறு மாசமா எம்படகுல ஏற ஒரு ஆளு இல்ல. எங்க நைனா செத்த தெவசத்துக்கு ஒருத்தன் வரல. இப்ப சொரண்டுனா ஆச்சா டீச்சரம்மா?"

"ஆகாது" என்றேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவனிடம் கேட்டேன், பிறகு எல்லம்மாவின் முன்னால் போய் நின்று, "படம் பார்க்கத் தெரியாதவள் நான்தான்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தாள். "தண்ணி சரியா கீது" என்றாள். அதோடு சரி.

அவன் பெயரைச் சீட்டில் சேர்த்தார்கள். என்னை வீட்டுக்கு அழைத்துவர ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று ஆட்டோவில் தனியாக வந்தேன். வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். வழக்கமாக ஏழெட்டுப் பேர் சொல்வார்கள்.

எல்லம்மா மறுபடியும் தெருவுக்கு வருகிறாள். "இறா கீது, காலா கீது" என்று என் வீட்டுக்கு முந்தின வீட்டில் குரல் கொடுக்கிறாள். அடுத்த வீட்டில் குரல் கொடுக்கிறாள். நடுவில் என் வாசலைக் கடக்கும்போது வாயை மூடிக்கொள்கிறாள். நான் தினமும் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். லோகாம்பாளிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். மீன் இல்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

படத்தைக் கூடத்தில் திரும்ப மாட்டினேன். பழைய அட்டையைக் கிழித்துவிட்டேன். சுரண்டிய இடத்தில் நீர் கொஞ்சம் உரிந்து, உள்ளங்கை அகலத்தில் வெளுத்திருக்கிறது. யார் பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும்.

நேற்றுக் காலை நீலமேகத்தின் முதல் பாடு. மாடியில் உட்கார்ந்திருந்தேன். இரவு மழை பெய்த லேசான மூட்டம், நீர் வத்தம். ஆறு இருபதுக்கு அவன் படகு வந்து, நான் வைத்த அதே இடத்தில் நின்றது. கூட இரண்டு பேர் இருந்தார்கள். மூட்டத்துக்குள் அந்தச் சிவப்பு, நான் போட்டது போலப் பளிச்சென்று இல்லை. பாதி கரைந்து, செங்கல் தூள் நிறத்தில், ஏரியைப் பார்த்து மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

வண்ணப்பெட்டி என் காலடியில் இருந்தது. நான் குனியவில்லை. ஆறு நாற்பது வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தை ஆர்த்திக்குப் படித்துக் காட்டு.

அக்கா
கஸ்தூரி